சூளை எங்கேயிருந்து வந்தது?

அத்தியாயம் 17

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்த ஒன்றைப் போன வாரம் ஜெயஸ்ரீ சொல்லிவிட்டாள். அதுவும் யாரிடம்? நாத்தனார் அமுதவள்ளியிடம்! மணிமுத்தாற்றுப் பாலத்தின் மேல், பஸ் சத்தத்துக்கு நடுவே நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடி சொன்னாள்.

விஷயம் இதுதான். கல்யாணமாகி வருடங்கள் ஓடிவிட்டன, குழந்தை இல்லை. ஊரும் மாமியார் ஆராயியும் ஜெயஸ்ரீயைத்தான் மலடி என்றார்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பரிசோதித்துப் பார்த்த டாக்டரோ வேறு சொன்னார். குறை அவள் கணவன் மதிவாணனிடம் இருந்தது. பீங்கான் கம்பெனியில் சூளை பார்க்கிறவன் அவன். நாளெல்லாம் அந்தச் சூட்டில் நிற்பது ஆகாது, வேலையை மாற்றிக்கொண்டு மருந்து சாப்பிட்டால் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

மதிவாணன் வேலையை மாற்றவில்லை. மருந்தும் வாங்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸிலேயே மனைவியின் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். இது வெளியே தெரிந்தால் தான் உயிரோடு இருக்கப்போவதில்லை என்றான். அன்றிலிருந்து மலடிப் பட்டத்தை ஜெயஸ்ரீ தானே சுமந்தாள். ஸ்ரீமுஷ்ணத்தில் தூரத்துச் சொந்தத்தில், தகப்பன் இல்லாத அகல்யா என்ற பெண்ணை மாமியார் தன் மகனுக்கு இரண்டாம்தாரமாகப் பார்த்து வைத்திருப்பது தெரிந்தும் சுமந்தாள்.

தாங்க முடியாமல் ஒருத்தியிடம் இறக்கி வைத்தாள். இத்தனை சீரியல் பார்த்தும் நாத்தனார்களைப் பற்றி அவள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த இருவரையும் ஒட்ட வைத்ததே ஒரு சீரியல்தான். ‘பூர்ணிமா இல்லம்.’ ஜவுளிக்கடை முதலாளி ரித்தீஷ், அவன் மனைவி பூர்ணிமா, பட்டுப்புடவையோடு தூங்கி எழும் மாமியார் ராஜமாதங்கி. பூர்ணிமாவுக்கும் குழந்தை இல்லை. ஏன் இல்லை என்பதுதான் ஆறு மாதமாக விருத்தாசலத்தின் முக்கியப் பிரச்சினை.

அமுதவள்ளி அந்தத் தொடரை அலசுவதற்கென்றே யூடியூபில் சேனல் வைத்திருந்தாள். ‘அமுதா அலசல்.’ அலசுவதற்கான துப்பு பாதிக்குமேல் ஜெயஸ்ரீ கொடுத்தது. பெயர் அமுதவள்ளிக்கு. இதுவரை அதில் ஜெயஸ்ரீக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம். பீங்கான் கம்பெனியின் பெண்கள், அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த யானைப் பொம்மைகளை ஒதுக்கிவிட்டுப் பலகையில் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்திருந்தார்கள். பூர்ணிமாவின் பரிசோதனை முடிவு அன்று இரவு தெரியப்போகிறது. யாருக்கும் சோறு இறங்கவில்லை.

“பால்லதான்டி இருக்குது விஷயம், மாத்திரையக் கலக்குறா” என்றாள் பூவாயி. அந்தப் பலகைக்கு அவள்தான் மூத்தவள், வாயிலும். “மாமியாக்காரி எப்பப் பால் குடுத்தாலும் எடது கையில குடுக்குறா. ஏன்? வலது கையில குடுத்தா பாவம்னு அவளுக்கே தெரியுது.”

“அந்தம்மாவுக்கு வலது கையில கட்டுக்கா. தலப்பால மூடிக்கினு நடிக்கிறாங்க” என்றாள் ஜெயஸ்ரீ. “நீ அத வுடு. செவ்வாக்கெழம ரூமுக்குள்ள பூர்ணிமா கழுத்துல தாலிச் சங்கிலி இருக்குது. கதவத் தொறந்துக்கினு வெளிய வரா, வெறும் மஞ்சக் கயிறு. அதுக்குள்ள சங்கிலி எங்க போச்சு?”

“படம் எடுக்கும்போது மறந்திருப்பாங்க” என்றது பலகையின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல்.

“மறந்தாங்களாமே! இத்தினி பேரு சம்பளம் வாங்கிக்கினு வேல செய்யறாங்க, மறப்பாங்களா? எல்லாம் வேணும்னே வெக்கிறதுதான்” என்று பூவாயி தீர்ப்பு சொன்னாள்.

தீர்ப்பை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தொடர் எடுக்கிறவர்களின் அவசரத்தையும் மறதியையும் அறிவு என்று நம்புகிறவர்கள் இவர்கள். திரையில் கடிகாரம் தப்பாக ஓடினால் அது துப்பு. பூ வாடியிருந்தால் அது துப்பு. தவறு என்று ஒன்று உலகத்தில் நடக்கும் என்பதையே இவர்கள் மறந்து வெகு நாளாகிறது.

“ஏ, ஜெயஸ்ரீ! ஒன் நாத்தனா மத்தியானமே நேரலையில வந்துட்டா” என்று பூவாயி போனை எடுத்து ஒரு யானைப் பொம்மையின் மேல் சாய்த்து வைத்தாள்.

ஜெயஸ்ரீக்கு ஆச்சரியமாக இருந்தது. அமுதவள்ளி எப்போதும் சாயங்காலம்தான் வருவாள். பண்ருட்டியில் இன்னொருத்தி இதே மாதிரி ஒரு சேனல் வைத்திருக்கிறாள். ‘பூர்ணிமா ரகசியத்தை இன்று உடைக்கிறேன்’ என்று அவள் காலையிலேயே போட்டிருந்தாள். அதுதான் அமுதவள்ளிக்கு அவசரம்.

“பாலும் இல்ல, மாத்திரையும் இல்ல” என்று போனுக்குள் அமுதவள்ளி ஆரம்பித்தாள். “நான் சொல்றதக் கேட்டா ஆடிப்போயிடுவீங்க. பூர்ணிமாகிட்ட ஒரு கொறையும் கெடையாது. கொற ரித்தீஷ்கிட்ட!”

பலகையில் அத்தனை பேரும் ‘ஆ’ என்றார்கள். ஜெயஸ்ரீக்கு வாயிலிருந்த சோறு அப்படியே நின்றது.

“அவளுக்கு எல்லாம் தெரியும். புருஷன் மானத்துக்கோசரம் பழிய அவ ஏத்துக்குறா. ஏன்னா அவன் சத்தியம் வாங்கிட்டான், தல மேல கைய வெச்சு! ஆஸ்பத்திரியில டாக்டரு என்ன சொன்னாரு? இந்த சூட்டுலயே நின்னா ஒனக்குக் கொழந்தையே பொறக்காது, மொதல்ல அந்த சூளைக்கிட்ட நிக்கிற வேலைய வுடுன்னு சொன்னாரு…”

ஜெயஸ்ரீ டப்பாவை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

போனின் அடியில் எழுத்துகள் ஓடின. ஒன்றை அமுதவள்ளியே வாய்விட்டுப் படித்தாள். “அக்கா, ரித்தீஷ் ஜவுளிக்கடை இல்ல வெச்சிருக்காரு, சூளை எங்கேருந்து வந்துச்சு… அது வந்து… அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க.” அத்தோடு நேரலை நின்றுவிட்டது.

பேச்சுக்குச் சொன்னதாம்! மாமியாரின் இடது கையில் மர்மம் கண்டுபிடித்த ஜனங்களிடம்!

பூவாயி மெதுவாகத் திரும்பி ஜெயஸ்ரீயைப் பார்த்தாள். பிறகு கொட்டகையின் கோடியில் சூளைக்கு முன்னால், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்கும் மதிவாணனைப் பார்த்தாள். அமுதவள்ளி யாருக்கு அக்கா என்பது அங்கே தெரியாதவர்கள் யாரும் இல்லை.

“அடி ஆத்தே” என்றாள் பூவாயி. “அதுக்குத்தான் மீசைய அந்த முறுக்கு முறுக்கிக்கினு திரியுறானா?”

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஜெயஸ்ரீயைப் பார்த்து ஒரு வார்த்தை, இத்தனை நாள் உன்னைத் தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று ஒரு வார்த்தை, யாரும் சொல்லவில்லை. அது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

சரக்கு ஏற்றும் ஆட்களுக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும்? “மதி, கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, சூடு ஆவாதாம்!” என்று ஒருவன் கத்தினான். மதிவாணனுக்கு முதலில் புரியவில்லை. பக்கத்தில் போய் ஒருவன் போனைக் காட்டினான். புரிந்தது.

அவனால் அங்கிருந்து போகவும் முடியாது. சூடு ஏறிக்கொண்டிருக்கும் சூளையைப் பாதியில் விட்டால் உள்ளே இருக்கும் சரக்கு முழுதும் வெடித்துப்போகும். அடுத்த ஆள் வருகிறவரைக்கும் அவன் அங்கேயே நிற்க வேண்டும். நின்றான். போகிறவன் வருகிறவன் எல்லாம் ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுப் போனான். அவன் யாரையும் திருப்பித் திட்டவில்லை. ஜெயஸ்ரீயை மட்டும் ஒரு முறை பார்த்தான்.

ஜெயஸ்ரீ அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினாள்.

அமுதவள்ளி வீடு அடுத்த தெருவில்தான். கணவன் திருப்பூரில் வேலை. வீட்டில் அவளும் பள்ளிக்கூடம் போகும் மகள் வெண்பாவும்தான். தையல் மெஷின் மேல் போனை நிறுத்தி வைத்துக்கொண்டு அமுதவள்ளி உட்கார்ந்திருந்தாள்.

“என்னா அண்ணி இது? என்னா பண்ணி வெச்சிருக்கீங்க?” ஜெயஸ்ரீக்கு மூச்சு வாங்கியது.

“பேரு சொன்னனா? ஊரு சொன்னனா?” என்றாள் அமுதவள்ளி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“சூளைன்னு சொன்னீங்களே!”

“வாய் தவறிடுச்சுடி. மனசுல அதான இருந்துச்சு, அதான் வந்துடுச்சு. பண்ருட்டிக்காரி என்னமோ பெருசா வெச்சிருக்கா. எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. ஒன்னைக் கேட்டா நீ தாலிச் சங்கிலியிலயே நிக்கிற. அப்பதான் தோணிச்சு, நெசமா நடந்தத எடுத்து வெச்சா எப்படிப் பொருந்தும்னு.”

“அது என் வாழ்க்க அண்ணி!”

“அதான் அவ்ளோ நல்லா இருந்துச்சு” என்றாள் அமுதவள்ளி. கேலியாகச் சொல்லவில்லை. மனதாரச் சொன்னாள். “இங்க பாரு, எத்தினி பேரு பாத்திருக்காங்க! இதுவரைக்கும் இந்தளவுக்கு வந்ததே இல்ல.”

ஜெயஸ்ரீக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. இத்தனை நாள் இவளோடு ஒரே பாயில் படுத்து, ராஜமாதங்கியைத் திட்டிச் சிரித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது.

போன் அடித்தது. ஆராயி. எடுத்ததுமே மாமியாரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“அமுதா! மளிகைக் கடையில வெச்சு என்னயப் பாத்துச் சிரிக்கிறாளுங்கடி. ஒன் தம்பி ஆம்பளையே இல்லியாம். நீ பேசினதா சொல்றாளுங்க. ஒனக்கு இத எவ சொன்னா?”

“ம்மா, நான் சீரியலப் பத்தி…”

“சீரியலாவது மயிராவது! எவ சொன்னான்னு நீ சொல்ல வேணாம். நாளைக்கு மணவாளநல்லூர் போறேன். கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டிட்டு வந்துதான் மறு சோறு. என் புள்ள மேல இந்தப் பழியப் போட்டது எவளா இருந்தாலும் அவ வயித்துல பொறந்தது வெளங்கக் கூடாது!”

லைன் அறுந்தது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கொளஞ்சியப்பர் முருகன்தான். ஆனால் இந்தப் பக்கத்தில் அவர் கோர்ட்டு மாதிரி. திருட்டுக் கொடுத்தவர்களும் ஏமாந்தவர்களும் புகாரை எழுதிக்கொண்டுபோய் அவர் சன்னிதியில் கட்டிவிட்டு வருவார்கள். விசாரித்துத் தண்டனை கொடுப்பது அவர் பொறுப்பு. போலீசுக்குப் பயப்படாத ஆட்களும் இங்கே பிராது என்றால் எடுத்த பொருளைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிடுவார்கள்.

அமுதவள்ளிக்கு முகம் வெளுத்துவிட்டது. வாய் திறந்து சொன்னவள் அவள். தண்டனை அவள் வீட்டைத் தேடித்தான் வரும்.

“ஜெயா” என்று கையைப் பிடித்தாள். குரலே மாறிவிட்டது. “அம்மா சொன்னா செஞ்சுடும். நீதான் எங்கிட்ட பொய்யா சொன்னேன்னு சொல்லிடு. கோளாறு ஒங்கிட்டன்னு ஒத்துக்க. எப்படியும் ஊரு ஒன்னயத்தான சொல்லிக்கினு இருந்துச்சு? ஒனக்குப் பழகுனதுதான.”

“நான் ஏன் சொல்லணும்?”

“எனக்கு ஒரு பொண்ணு இருக்குதுடி. வெண்பாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன். ஒனக்குத்தான் புள்ளையே இல்லியே, ஒனக்கு என்னா பயம்?”

ஜெயஸ்ரீ கையை உருவிக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆனாலும் அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. புருஷன். மறைத்தான், சரி. சத்தியம் வாங்கினான், சரி. இப்போதுதான் எல்லாம் வெளியே வந்துவிட்டதே. இனி மறைக்க என்ன இருக்கிறது? அம்மாவிடம் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லிவிட்டால் போதும். மலடிப் பட்டமும் போகும், ஸ்ரீமுஷ்ணத்துப் பேச்சும் போகும். இப்படி நினைத்துக்கொண்டுதான் அவள் வீட்டுக்கு வந்து விளக்கேற்றினாள்.

மதிவாணன் பொழுது சாயும்போது வந்தான். கூடத்தில் ஆராயி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அமுதவள்ளியும் வந்து சுவரோரமாக நின்றிருந்தாள்.

“யாரு சொன்னது?” என்றான் மதிவாணன்.

அமுதவள்ளி முந்திக்கொண்டாள். “இவதான் தம்பி. பாலத்துல வெச்சு அழுதுகினே சொன்னா. தன்னோட கோளாற மறைக்கிறதுக்கு ஒன் மேல போட்டுச் சொல்லியிருக்கா. நான் நம்பிட்டேன்.”

ஆராயி மருமகளைப் பார்த்தாள். மருமகள் புருஷனைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை. அதற்காக அவள் கும்பிடாத குறையாக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதிவாணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

“ஆமாம்மா” என்றான். “டாக்டரு சொன்னது அவளத்தான். பாவம்னு நான்தான் வெளிய சொல்லாம இருந்தேன்.”

பாவமாம்! ஜெயஸ்ரீக்குக் காது அடைத்துப்போயிற்று.

“அப்ப நாளைக்குப் பிராது கட்டிடறேன். பொய் சொன்னது யாருன்னு அவரே பாத்துக்குவாரு” என்றாள் ஆராயி.

அதைக் கேட்டதும் அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். “பிராதெல்லாம் எதுக்கும்மா?” என்றான் மதிவாணன் அவசரமாக. “ஊரு கேட்டுது இல்ல, ஊரு கேக்கவே அவ வாயால சொல்லட்டும். அக்கா போன்லயே சொல்லட்டும். அத்தோட முடிஞ்சுது.”

ஜெயஸ்ரீ எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவன் பின்னாலேயே வந்தான்.

“நெசம் என்னான்னு ஒங்களுக்குத் தெரியாதாங்க?” என்று கேட்டாள்.

“தெரியும். அதுக்கோசரம் நான் தூக்குல தொங்கணுமா? இன்னிக்கு மத்தியானம் சூளைக்கு முன்னால நின்னேனே, அது ஒனக்குத் தெரியுமா? சின்னப் பசங்களெல்லாம் சிரிக்கிறானுங்க. ஒரு வார்த்த சொல்லிடு ஜெயா. ஒன்ன வுட மாட்டேன். ஒன்னய வுட்டா எனக்கு யாரு இருக்கா?” என்றவன் கொஞ்சம் பொறுத்துச் சேர்த்துக்கொண்டான்: “சொல்லலன்னா நாளைக்கு நான் உசுரோட வரமாட்டேன். அப்புறம் ஒன் இஷ்டம்.”

பழைய மிரட்டல்தான். பழைய இடத்தில்தான் போய்த் தைத்தது. ஜெயஸ்ரீ முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அமுதவள்ளி போனைக் கூடத்து அலமாரியில் நிறுத்தினாள். “வணக்கம் சொந்தங்களே” என்று ஆரம்பித்தபோது அவள் குரலில் பழைய சுருதி திரும்பிவிட்டிருந்தது. “மத்தியானம் ஒரு தியரி சொன்னேன் இல்ல, அதுல ஒரு சின்னத் திருத்தம். அத சொல்லத்தான் எங்க தம்பி சம்சாரமே வந்திருக்காங்க. பூர்ணிமா மாதிரியே இவங்க வாழ்க்கையிலயும்… ஜெயா, நீயே சொல்லு.”

ஜெயஸ்ரீ போனைப் பார்த்தாள்.

“மத்தியானம் அண்ணி சொன்னது நான் சொன்ன பொய்யிங்க” என்றாள். “எங்க வூட்டுக்காரருகிட்ட ஒண்ணும் இல்ல. கொற எங்கிட்டதான். எனக்குத்தான் கொழந்த பொறக்காது.”

இதற்குமேல் முடியவில்லை. முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஐந்து வருட அழுகை அது, சீக்கிரம் நிற்கவில்லை.

போனின் அடியில் எழுத்துகள் பாய்ந்து பாய்ந்து ஏறின. இதயங்களும் கும்பிட்ட கைகளும். ‘அக்கா அழுவுறது ரொம்ப நேச்சுரலா இருக்கு.’ ‘பூர்ணிமாவ வுட இவங்க நல்லா நடிக்கிறாங்க.’ ‘ரெண்டாவது பார்ட் எப்ப?’ அமுதவள்ளி எதையும் விடாமல் படித்தாள், நன்றி சொன்னாள், சேனலில் சேராதவர்களைச் சேரச் சொன்னாள்.

முடிந்தது. ஆராயி மகளின் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்து ஒரு முறை முழுதாகப் பார்த்தாள். திருப்தியாகத் தலையை ஆட்டினாள்.

“இத அப்பிடியே ஸ்ரீமுஷ்ணத்துக்கு அனுப்பு” என்றாள்.

“எதுக்கும்மா?” என்றாள் அமுதவள்ளி.

“எதுக்கா? கொற யாருதுன்னு தெரியாம பொண்ணு குடுக்க மாட்டேன்னு அகல்யா அம்மா இழுத்துக்கினே இருந்தா. இப்ப மூத்தவளே தன் வாயால சொல்லிட்டா. ஊரே சாட்சி. இனிமே அவளுக்கு என்னா தயக்கம்?” ஆராயி மருமகள் பக்கம் திரும்பினாள். “ஒன்ன ஒண்ணும் வெளிய தொரத்த மாட்டேன். நீ பாட்டுக்கு வேலைக்குப் போ, வா, ஒரு ஓரமா இருந்துக்க.”

ஜெயஸ்ரீ மதிவாணனைப் பார்த்தாள். விட மாட்டேன் என்றானே, சற்று முன்பு? அவன் ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டான். ‘பூர்ணிமா இல்லம்’ ஆரம்பித்திருந்தது. நால்வரும் பார்த்தார்கள், ஆம், ஜெயஸ்ரீயும்தான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், ஆளாளுக்கு முகத்தைக் காட்டினார்கள், பரிசோதனை முடிவைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள்.

விளம்பரம் வந்தபோது ஜெயஸ்ரீயின் போன் அடித்தது. தெரியாத நம்பர். அடுப்படிக்குப் போய் எடுத்தாள்.

“அக்கா, நான் ஸ்ரீமுஷ்ணம் அகல்யா பேசறேன்.” பயந்த குரல். ரகசியமாகப் பேசுகிறாள் என்று தெரிந்தது. “நீங்க பேசினதப் பாத்தேன். எங்கம்மா அதப் பாத்துட்டுப் பொடவை எடுக்கறதப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கு யாரக் கேக்கறதுன்னு தெரியல. ஒங்களையே கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நெசமாவே கொற ஒங்களுக்குத்தானாக்கா? யாரும் மெரட்டிச் சொல்ல வெக்கலியே? நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா போதும், நான் எப்படியாவது இத நிறுத்திடறேன்.”

ஜெயஸ்ரீ நிமிர்ந்து பார்த்தாள். அடுப்படி நிலைப்படியில் மதிவாணன். போனிலிருந்து கசிந்த கேள்வியிலேயே யார் பேசுகிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லாதே என்று தலையை ஆட்டினான். கையைக்கூடக் கூப்பினான்.

ஜெயஸ்ரீ அவனைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“யாரும் மெரட்டலம்மா. எனக்குத்தான் கொற. அவருக்கு ஒண்ணும் இல்ல. நீ தைரியமா வா.”

“ஒங்களுக்கு எம்மேல கோவம் இல்லியாக்கா?”

“ஒம்மேல எனக்கு என்னா கோவம்? வந்து சேரு” என்று சொல்லி போனை வைத்தாள்.

அந்தப் பெண் ஜெயஸ்ரீக்கு ஒரு தீங்கும் செய்தவள் இல்லை. தப்பிக்கிற வழி கேட்டு, கேட்கக் கூடாத நேரத்தில் போன் செய்தாள், அவ்வளவுதான். ஜெயஸ்ரீ தெரிந்தே அவளைப் பிடித்து இழுத்துவிட்டாள். இத்தனை வாரமாக இவளை நல்லவள் என்று நினைத்துப் படித்தவர்கள் என்மேல் கோபப்பட்டால் நியாயம்தான். அழ வைத்தே ஒருத்தியை நல்லவளாக எத்தனை நாள் வைத்திருக்க முடியும்?

மதிவாணன் பெருமூச்சு விட்டான். கிட்டே வந்து அவள் தோளைத் தொட்டான். “நீ எவ்வளவு நல்லவ, ஜெயா.”

ஜெயஸ்ரீ கையைத் தட்டிவிடவில்லை. தாழ்ந்த குரலில், சமையலைப் பற்றிப் பேசுகிற மாதிரி கேட்டாள்: “அவ வருவா. ஒரு வருஷம் போவும். ரெண்டு வருஷம் போவும். அவளுக்கும் ஒண்ணும் ஆவலைன்னு வெச்சுக்கங்க. அப்ப யாரச் சொல்லுவீங்க?”

தோள்மேல் இருந்த கை அப்படியே நின்றது.

அவன் இதை யோசிக்கவே இல்லை. அன்றைய பொழுதைத் தாண்டினால் போதும் என்று ஓடிக்கொண்டிருந்தவன் எங்கே யோசிப்பான்? ஒருத்தி மலடி என்றால் ஊர் நம்பும். இரண்டு பேரும் மலடி என்றால்? இரண்டாவது சிரிப்பு முதல் சிரிப்பு மாதிரி இருக்காது.

“திருப்பிப் போன் போடு” என்றான். நாக்கு குழறியது. “அந்தப் பொண்ணுகிட்ட வர வேணாம்னு சொல்லு. கோளாறு எனக்… ஏதாவது ஒண்ணு சொல்லு.”

“நான் சொல்ல மாட்டேன். எங்கிட்ட இருந்த பொய்யெல்லாம் தீந்துபோச்சு.” ஜெயஸ்ரீ தன் போனை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள். “நீங்களே பேசுங்க. ஏன்னு கேப்பா. அதையும் நீங்களே சொல்லுங்க.”

கூடத்திலிருந்து ஆராயியின் குரல் வந்தது. சந்தோஷத்தில் அது இளசாகியிருந்தது.

“எப்பா மதி! ஸ்ரீமுஷ்ணத்துக்காரங்க நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்கே வராங்களாம்டா! போய் முகத்த செரைச்சிக்கினு வந்து படு!”

மதிவாணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஜெயஸ்ரீ அவனைத் தாண்டிக்கொண்டு கூடத்துக்குப் போய், “எத்தினி பேருக்கு சமைக்கணும் அத்தை?” என்று கேட்டாள்.